அழுத்தியல்: பூரணாங்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பொத்தானை அழுத்தியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அழுத்தியது போதவில்லை என்பதே அதற்குக் காரணம் என்னும் கொள்கை தமிழரிடையே நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. இக்கொள்கைக்கு மூலநூல் இல்லை, உரை இல்லை, நிறுவியவர் பெயரும் இல்லை. ஆயினும் கார் வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவரின் பக்கத்து வீட்டுக்காரர், கார் வாங்கலாமா என்று யோசித்துக் கொண்டிருப்பவர் ஆகிய அனைவரும் இதனை ஒருமனதாக ஏற்றிருப்பதும், எங்கேனும் ஒரு கார் நின்றுவிட்டால் அவர்களுள் ஒருவர் தவறாமல் வந்து இதனைச் செய்து காட்டுவதும் ஆராயத் தக்கவை. அண்மையில் பூரணாங்குப்பத்தில் ஒரு கார் காலைப் பலகார நேரம் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறிய பின்னும் அசையாமல் நின்றதையும், அதன் பொத்தான் அத்தெருவில் தகுதியுள்ள விரல்கள் பெரும்பாலானவற்றால் அழுத்தப்பட்டதையும் முன்னிட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. அந்தக் காரில் பழுதுபட்டிருந்த உறுப்பு எது என்பது உரிய இடத்தில் அறிவிக்கப்படும்.

ஆய்வுக் களம் குறித்துச் சில சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பம் சந்திப்பில் கிழக்கே திரும்பினால் வருவது பூரணாங்குப்பம். அதனையும் கடந்தால் புதுக்குப்பம் கடற்கரை. கடல் இத்தனை அருகில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை காற்று வாங்க வருகிறவர்களுக்கு நன்மை; இரும்புக்கும் செம்புக்கும் ஈயத்துக்கும் நன்மையன்று. அக்காரின் உரிமையாளர் குறித்தும் ஒரு வரி தேவைப்படுகிறது. அவர் காருடன் கொடுக்கப்பட்ட கையேட்டைப் படித்தவர் என்பதாலேயே ஊரில் நகைப்புக்கு உரியவர். எந்த நட்டு பத்தாம் நம்பர், எது பன்னிரண்டாம் நம்பர் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அவ்விரு நம்பர்களிலும் அவரிடம் ஸ்பானர் இல்லை. பொதுவாக அக்கையேடு பாலிதீன் உறை பிரிக்கப்படாமல் டேஷ்போர்டு அறையில், இன்சூரன்ஸ் தாளுக்கும் தலைவலி மாத்திரைக்கும் அடியில் வாழ்நாள் முழுவதும் கிடப்பதே மரபு என்பதால், அதனை வெளியே எடுத்துப் பக்கம் புரட்டிய அவருடைய செயல், நோயாளியின் எதிரில் மருத்துவர் பாடப்புத்தகம் பார்ப்பதற்கு ஒப்பான அவநம்பிக்கையைக் கூட்டத்தில் உண்டாக்கியது.

பொத்தான் ஒரு புதுமை என்னும் விற்பனையாளர் கூற்றை முதலில் மறுத்தாக வேண்டும். மோட்டார் கார் தோன்றிய காலத்தில், எஞ்சினை உயிர்ப்பிக்க அதன் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும் என்பதால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் கற்பித்தனர். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின்துவக்கி, அதாவது நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று அழைக்கும் மோட்டார், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்று மணிக்கட்டுகளைக் காத்தது. நம் நாட்டில் அக்கைப்பிடி அத்தனை எளிதில் விடைபெறவில்லை. அம்பாசடரின் முன்பம்பரிலுள்ள துளை வழியே ஹேண்டிலைச் செருகி, ஒரு சுற்று சுற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுசுற்றுக்கு ஆயத்தமாகும் டாக்சி ஓட்டுநரைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1930-களிலும் 1940-களிலும் பல கார்களில் செல்ஃப் மோட்டாரை இயக்கியது டேஷ்போர்டிலிருந்த ஒரு பொத்தான்தான். சாவியைத் திருகினாலே எஞ்சின் சுழலும் அமைப்பை 1949-இல் கிறைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்ததும், அதுவே முன்னேற்றம் என்று கொண்டாடப்பட்டுப் பொத்தான் ஒழிந்தது. பின்னர் 1990-களின் இறுதியில், சாவியைச் செருகாமலே துவக்கும் வசதி மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் வந்து, அங்கிருந்து படிப்படியாக இறங்கி, இன்று சிறிய கார்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, பாட்டன் காலத்தில் வேண்டாம் என்று கழிக்கப்பட்ட பொத்தானைப் பேரன் ‘டாப் மாடல்’ என்ற பெயரில் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு வேறுபாடு, பாட்டனின் பொத்தான் உண்மையிலேயே எதையாவது இயக்கியது.

இன்றைய பொத்தான் எதையும் இயக்குவதில்லை என்பதை விளக்கியாக வேண்டும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது பேட்டரியிலிருந்து 100 முதல் 200 ஆம்பியர் வரையிலும், முதல் நொடியில் அதற்கு மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது. பொத்தானுக்குள் செல்வதோ மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு துளி. பொத்தானை அழுத்துகிறவர் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறார், அவ்வளவே. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் சிறு கணினி, காருக்குள் பதிக்கப்பட்ட ஆண்டெனாக்கள் வழியே ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அதிர்வெண் அலையை அனுப்பி, ‘சாவி உள்ளே இருக்கிறதா’ என்று கேட்கிறது. சட்டைப் பையிலுள்ள ஸ்மார்ட் கீ விழித்தெழுந்து, நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் 433 மெகாஹெர்ட்ஸ் அளவில், சங்கேத எண்ணுடன் மறுமொழி கொடுக்கிறது. அதன்பின் பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா, கியர் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் இருக்கிறதா, ஸ்டியரிங் பூட்டு விலகியதா, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் என்னும் காப்பமைப்பு இணங்குகிறதா என்று வரிசையாகக் கேள்விகள் எழுந்து, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பின்னரே ரிலே என்னும் மின்விசைத் திறப்பான் மூடிக்கொண்டு செல்ஃபுக்கு மின்சாரம் போகிறது. இவற்றுள் ஏதேனும் ஓர் அதிகாரி கையெழுத்திட மறுத்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். பல கார்களில், எந்த மேசையில் நின்றது என்பது மட்டும் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சாவியைத் திருகிய காலத்தில், திருகிய கைக்கும் கேட்ட காதுக்கும் ஏதோ ஒரு தகவல் வந்தது. இப்போது வருவது மௌனம். பொத்தான் பேசாததால் ஊர் பேசுகிறது. அதுவே இத்துறையின் தோற்றுவாய்.

இனி அழுத்துதலின் வகைகள் கூறப்படும். அவை எட்டு: இயல்பழுத்து, ஊன்றழுத்து, அடுக்கழுத்து, பதிலியழுத்து, வேண்டழுத்து, வெகுண்டழுத்து, தள்ளழுத்து, ஒளியழுத்து. ஒன்பதாவதாகக் கனவழுத்து என்பதையும் சேர்ப்பாருண்டு. அது காரின் உரிமையாளருக்கு அன்றிரவு உறக்கத்தில் நிகழ்வதாகலின், பொதுவிடத்தில் நிகழும் எட்டே இங்குக் கொள்ளப்பட்டன.

இயல்பழுத்தாவது, கார் ஸ்டார்ட் ஆகும் என்ற நம்பிக்கையோடு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, விரல் நுனியால் தொடுவது. இது ஒருமுறைதான் நிகழ முடியும். இரண்டாம் முறை அழுத்துகிறவர் பொத்தானைப் பார்த்துவிடுகிறார் என்பதால் அது இயல்பழுத்தாகாது.

ஊன்றழுத்தாவது, விரலில் தொடங்கித் தோள்பட்டை வரை பலம் சேர்த்து, இருக்கையிலிருந்து சற்றே எழும்பி, பொத்தானை டேஷ்போர்டுக்குள் தள்ளிவிடும் நோக்குடன் அழுத்துவது. ‘காண்டாக்ட் சரியா படல, நல்லா அமுக்குங்க’ என்பது இதற்குரிய மந்திரம். பொத்தானின் அடியிலுள்ள தொடுமுனை நூலளவு அசைவிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கப்படும் விசை முழுவதும் பிளாஸ்டிக்குக்குப் போய்ச் சேர்கிறது. இதனை எடுத்துச் சொன்னால், ‘அது சரி, ஆனா நீங்க நல்லா அமுக்கல’ என்ற மறுப்பு வரும். டிவி ரிமோட்டில் செல் தீர்ந்தபோது செல்லை மாற்றாமல், பொத்தானின் மீது கட்டைவிரலைக் குத்தி நிறுத்திக் கையைத் திரைப் பக்கமாக நீட்டும் ஓர் இனத்தாரிடம் வேறு மறுப்பை எதிர்பார்ப்பதும் முறையன்று.

அடுக்கழுத்தாவது, பதில் வருவதற்குள் அடுத்தடுத்து அழுத்துவது. லிஃப்ட் முன்னால் நிற்கையில் இதனைப் பயிலாதார் இலர். ஆயினும் காரில் இது தனித் தீங்கு விளைப்பது. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால், பல கார்களில் முதல் அழுத்தில் வானொலி முதலிய உபகரணங்களுக்கு மட்டும் மின்சாரம் வரும். இரண்டாம் அழுத்தில் டேஷ்போர்டு முழுதும் ஒளிரும். மூன்றாம் அழுத்தில் எல்லாம் அணையும். ஆகவே ஏழு முறையோ எட்டு முறையோ அழுத்தியவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, காருக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியாது. விளக்குகள் எரிந்தால் ‘வந்துடுச்சு, வந்துடுச்சு’ என்றும், அணைந்தால் ‘போயிடுச்சு’ என்றும் கூட்டத்தில் எழும் குரல்கள் இவ்வகைக்கே உரியவை. வந்ததும் போனதும் ஒரே பேட்டரியின் உயிர்தான் என்பதை அக்குரலாளர் அறியார். ஒருவர் விட்ட எண்ணிலிருந்து அடுத்தவர் தொடங்குவதால் இவ்வழுத்து ஒரு தனி மனிதச் செயல் என்றில்லாமல் தலைமுறைச் செயலாக வளரும் இயல்புடையது.

பதிலியழுத்தாவது, ‘கொஞ்சம் நகருங்க, நான் பாக்குறேன்’ என்று ஒருவரை இறக்கிவிட்டு மற்றொருவர் அமர்ந்து அழுத்துவது. கைராசி என்னும் கோட்பாட்டின் மீது எழுந்தது இது. இதன் உட்பிரிவுகள் பல. வளைகுடா நாட்டில் வண்டி ஓட்டியவர் அழுத்துவது அனுபவப் பதிலி. அவர் அமர்ந்ததும் முதலில் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவார், அடுத்து உள்கண்ணாடியைத் தம் முகத்துக்கு ஏற்பத் திருப்புவார், பிறகே அழுத்துவார். கார் ஸ்டார்ட் ஆகாது. இருக்கையும் கண்ணாடியும் திருப்பியபடியே இருக்கும். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினர் அழுத்துவது குடியுரிமைப் பதிலி. புதுச்சேரிக்கே சிறப்பாக உரியது. அவர் ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு, அங்கெல்லாம் இப்படி ஆவதே இல்லை என்று தெரிவித்து இறங்கிக்கொள்வார். அங்கு எப்படி ஆகும் என்பதைச் சொல்வதில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவனை அமர்த்தி அழுத்தச் செய்வது பாலப் பதிலி. அவனுக்குக் கால் பிரேக் வரை எட்டாது என்பது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ‘எங்க மருமகன் கார்லயும் இதே மாதிரிதான் ஆச்சு’ என்று வருகிறவர் உவமைப் பதிலி. அந்த மருமகனின் கார் டீசல், சாவி திருகுவது, அதற்கு ஆனது டயர் பஞ்சர் என்பன கேட்கக் கேட்க வெளிப்படும். இவர்கள் அனைவரும் இறங்கிய பின், மீண்டும் உரிமையாளரே அமர்ந்து அழுத்துவது மீள்பதிலி எனப்படும். அவ்வேளையில் கூட்டம் அவரைப் பார்க்கும் பார்வையில், எல்லாரும் முயன்று தந்தும் வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் என்ற குறிப்பு இருக்கும்.

வேண்டழுத்தாவது, குலதெய்வத்தை நினைந்து கண்மூடி அழுத்துவது. டயரின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வாங்கிய கார் என்பதால் இது அடிப்படையற்றது என்று தள்ளுவதற்கில்லை. எனினும் அப்பழத்தின் காப்புக்காலம் வாரண்டியைப் போல எத்தனை ஆண்டு என்பது எங்கும் எழுதப்படவில்லை.

வெகுண்டழுத்தாவது, இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தி, ஒரு சுற்று சுற்றி வந்து, மீண்டும் கதவைத் திறந்து அமர்ந்து அழுத்துவது. இவ்வகையைக் கடிந்து எழுதவே இக்கட்டுரை எண்ணியிருந்தது. ஆனால் கதவு திறந்து மூடப்படுகையில் உறங்கிய கணினிகள் பல விழித்துச் சாவியைப் புதிதாகத் தேடத் தொடங்குகின்றன என்பதால், சில வேளைகளில் இது உண்மையாகவே பயன் தருகிறது. கோபித்துக்கொண்டவருக்குப் பலன் கிடைப்பதும், கையேட்டைப் படித்தவருக்குக் கிடைக்காமற்போவதும் இத்துறையின் ஆறாப் புண்களுள் ஒன்று.

தள்ளழுத்தாவது, ஒருவர் உள்ளிருந்து அழுத்த, ஏனையோர் பின்னிருந்து தள்ளுவது. ‘தள்ளுங்கடா’ என்ற சொல்லுக்கு முன்வராத ஆண்மகன் தமிழ்நாட்டிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. மேனுவல் கியர் உள்ள காரில் இதற்கு நியாயம் உண்டு: விளக்குகள் எரியும் நிலைக்குப் பொத்தானைக் கொண்டுவந்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்துப் பிடித்துத் தள்ளவிட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால், பேட்டரியில் கணினிக்கும் ஸ்டியரிங் பூட்டுக்கும் போதுமான மிச்சம் இருக்குமானால், எஞ்சின் பற்றிக்கொள்ளும். தானியங்கி கியர் உள்ள காரில் நடப்பது வேறு. அங்கே கியர்ப்பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்கும் பம்பைச் சுழற்றுவதே எஞ்சின்தான். எஞ்சின் ஓடாமல் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் இணைப்பு இல்லை. ஆதலால் புதுக்குப்பம் கடற்கரை வரை தள்ளினாலும் அது ஸ்டார்ட் ஆகாது. ஆய்வுக்கு உட்பட்ட கார் தானியங்கி வகையைச் சேர்ந்தது. இச்செய்தி தள்ளத் தொடங்குமுன் அறிவிக்கப்பட்டது. தள்ளினார்கள்.

ஒளியழுத்தாவது, அனைவரும் டீ குடிக்கச் சென்ற நேரத்தில் ஒருவர் மட்டும் பின்தங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழுத்துவது. ஸ்டார்ட் ஆனால் புகழ், ஆகாவிட்டால் சாட்சி இல்லை என்ற சிறப்பு இதற்குண்டு. மேற்கூறிய எட்டும் தம்முள் கலந்து வருவதும் உண்டு. ஊன்றி அடுக்கல், வேண்டி வெகுளல், ஒளிந்து தள்ளல் எனப் பெருக்கிக்கொள்க. கடைசியாகக் கூறியது ஒருவரால் இயலாது என்று மறுப்பாரும் உளர். அவர்கள் பூரணாங்குப்பத்து மக்களின் உடல்வலிமையை அறியாதவர்கள்.

வகைகள் இவ்வாறாக, பழுதை அறியும் முறை இவற்றுக்கு வெளியே, கேட்பாரற்று இருக்கிறது. அது பெரும்பாலும் காதிலும் கண்ணிலும் தொடங்குகிறது. பொத்தானை அழுத்தியதும் ‘டக் டக் டக்’ என்று விரைந்து தொடர் ஒலி வந்தால், பேட்டரியில் மின்சாரம் போதவில்லை. ரிலேயோ சோலினாய்டோ பிடிக்கவும் மின்னழுத்தம் விழுந்து விடவுமாகத் தவிப்பதே அவ்வொலி. ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றால், சோலினாய்டு, அதாவது செல்ஃபின் பற்சக்கரத்தை முன்தள்ளி அதற்குப் பெருமின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்தம், தன் கடமையைச் செய்ய முயல்கிறது, மோட்டாரிலோ தடித்த கம்பிகளிலோ குறை இருக்கக்கூடும். எந்த ஒலியும் இல்லாமல் விளக்குகள் மட்டும் வழக்கம்போல எரிந்தால், முன்னர்க் கூறிய அதிகாரிகளுள் ஒருவர் கையெழுத்திடவில்லை. இந்த மூன்றையும் வேறுபடுத்தி அறியத் தேவைப்படுவது, பத்து நொடி அமைதி. கார் நின்ற இடத்தில் கிடைக்காத ஒரே உதிரிப்பாகம் அதுதான்.

ஒலியில்லாத வகையில் முதலில் ஐயுறத் தக்கது சாவிக்குள் இருக்கும் செல். அது பெரும்பாலும் 2032 என்னும் எண் கொண்டது. 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது என்பதே அவ்வெண்ணின் விரிவு. இதனை அறியாத கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்று 2025-ஐக் கொடுக்க, அது மெலிந்ததாகலின் உள்ளே ஆட, பிஸ்கட் உறையின் வெள்ளித்தாளை மடித்து அடியில் கொடுத்துச் சரிசெய்யும் தொழில்நுட்பம் நம் நாட்டில் வளர்ந்திருக்கிறது. செல் முற்றிலும் செத்துவிட்டாலும் வழியுண்டு என்பதைக் கையேடு கூறுகிறது: பல கார்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், பொத்தானைச் சுற்றியுள்ள சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்றுச் சாவிக்குள் இருக்கும் சில்லு மறுமொழி சொல்லிவிடும். உரிமையாளர் இதனைச் செய்தபோது, சாவியை எடுத்துப் பொத்தானைத் தொடுகிறாரே, திருஷ்டி கழிக்கிறாரா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேண்டழுத்தைப் பழுதறியும் முறையாக ஏற்றுக்கொண்ட அதே கூட்டம், பழுதறியும் முறையை வேண்டுதலாகக் கண்டு நகைத்தது பதிவு செய்யத் தக்கது.

அடுத்து பிரேக் விளக்குச் சுவிட்ச். பிரேக் மிதியின் மேலே மறைந்திருக்கும் இச்சிறு உறுப்பு கெட்டால், முழு உடல் எடையையும் மிதியில் வைத்தாலும் கணினிக்குச் செய்தி போகாது. சோதனை எளிது: ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் நிறுத்தப்பட்டவர் ‘எரியுற மாதிரிதான் இருக்கு’ என்றார். வெயிலில் தெளிவாகத் தெரியவில்லையா என்று கேட்டதற்கு, ‘எரியுது, ஆனா முன்ன எப்படி எரிஞ்சதுன்னு எனக்குத் தெரியாதே’ என்று விடை வந்தது. இது தத்துவ நோக்கில் பிழையற்ற விடை. வாகன நோக்கில் பயனற்றது.

ஸ்கேனர் என்னும் கருவியையும் குறிப்பிட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள செருகுவாயில் இதனைப் பொருத்தினால், கணினி தன் குறைகளை எண்களாக ஒப்புவிக்கும்: பி 0615 என்றால் செல்ஃப் ரிலேயின் சுற்றில் குறை, பி 0571 அல்லது பி 0504 என்றால் பிரேக் சுவிட்சின் பக்கம் குறை, யு 0100 என்றால் எஞ்சின் கணினியோடு பேச்சுவார்த்தை முறிவு. ஆனால் எண் சுட்டுவது சுற்றை மட்டுமே. அந்தச் சுற்றிலுள்ள கம்பியா, சுவிட்சா, ஃபியூஸா என்று கண்டறிய வேண்டியவர் மனிதர். எண்ணைப் பார்த்த உடனே அந்த எண்ணில் பேர் வரும் உறுப்பைப் புதிதாக வாங்கி மாட்டுவதும், குறை நீங்காதபோது அடுத்த உறுப்பை வாங்கி மாட்டுவதும், கார் முழுவதும் புதிதான பின் பழைய ஃபியூஸ் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் நகரத்துப் பட்டறைகளில் நடைமுறை ஆகிவிட்டன. ஊர்க்காரர் பொத்தானை அழுத்துகிறார். பட்டறைக்காரர் பணப்பையை அழுத்துகிறார். அளந்து பார்ப்பவர் எவருமில்லை.

மழைநீரில் மூழ்கிய காருக்கு மட்டும் தனி விதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய காரின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அமுங்காத பொருளாகலின், எஞ்சின் சுழலும் முதல் சுற்றிலேயே இணைப்புத் தண்டு வளைந்துவிடக் கூடும். அங்கே ஒரே ஒரு இயல்பழுத்துக்கு விலை ஓர் எஞ்சின். வெள்ளம் வடிந்ததும் ‘சும்மா ஒரு தபா போட்டுப் பாக்கலாம்’ என்ற அந்த விரலை எந்த விதியால் தடுப்பது?

இப்போது முதன்மைச் செய்திக்கு வரலாம். பேட்டரி நலமாக இருந்தால் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே இறங்கினால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். செல்ஃப் சுழலும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே ஐயுறலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அமைதியடையலாம். ஆனால் பேட்டரி நலமாக இருந்தும் கார் நிற்கும் ஊர்கள் கடலோர ஊர்கள். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து புறப்படும் கம்பி காரின் உடலிலும், அங்கிருந்து மற்றொரு பின்னற் கம்பி எஞ்சினிலும் பிணைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதனை ‘எர்த்’ என்பர். செல்ஃபுக்குப் போன 200 ஆம்பியரும் திரும்பி வர வேண்டிய வழி இதுதான். உப்புக் காற்றும் ஈரமும் அமிலக் கசிவும் சேர்ந்து, டெர்மினல் மீது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் பொடியை விளைவிக்கின்றன. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் அது நுரைத்துக் கரையும். கண்ணுக்குத் தெரியும் பொடியைவிடக் கொடியது, பேட்டரித் தட்டுக்குக் கீழே போல்ட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் மறைந்திருக்கும் துரு. விளக்கு எரியுமளவு மின்சாரத்தை அது விடும். செல்ஃப் சுற்றுமளவு விடாது. இதனை உறுதி செய்ய ஒரே வழி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் காம்பிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரை அழுத்தச் சொல்வதே. அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை, காட்டாவிட்டால் குறை வேறெங்கோ. அழுத்துதல் என்னும் செயல் இவ்வையகத்தில் பொருளுடையதாகும் ஒரே நேரம் இது.

அந்தச் சோதனைக்கு மல்டிமீட்டர் வேண்டும். உரிமையாளரிடம் மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. இருந்தது என்பதே சரி. தண்ணீர் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க அதனை இரவல் பெற்றுச் சென்ற அன்பர், அது தம் மைத்துனர் வீட்டில் இருப்பதாகவும், மைத்துனர் அதனைத் தவளக்குப்பத்தில் ஒருவருக்குக் கொடுத்திருப்பதாகவும், அவர் கடலூருக்குச் சென்றிருப்பதாகவும் அன்று தெரிவித்தார். இதற்கிடையில் ஒருவர் பானெட்டுக்குள் கையை விட்டுக் கண்ணில் பட்ட கம்பிகளையெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தார். வேறொருவர் உள்ளே அமர்ந்து, எவ்வகை என்று வரையறுக்க இயலாத ஓர் அழுத்து அழுத்தினார். கார் ஸ்டார்ட் ஆயிற்று. அழுத்தியவர் தம் விரலை உயர்த்திக் காட்டினார். ‘நான் அப்பவே சொன்னேன், நல்லா அமுக்கணும்னு’ என்ற குரல், அப்போது சொல்லாதவர் பலரிடமிருந்தும் ஒருங்கே எழுந்தது. ஆடிய கம்பி எது, ஆட்டத்தில் துரு சற்றே விலகி வழிவிட்டதா, அல்லது முன்னர்ச் சாவியை ஒட்டிப் பிடித்த காலத்திலேயே கணினி மனம் மாறிவிட்டதா என்ற வினாக்களைக் கேட்க அங்கு யாரும் மிஞ்சவில்லை, காரும் ஓடிக்கொண்டிருந்தது, ஓடும் காரில் பழுதைத் தேடுகிறவரை ஊர் எந்தப் பெயரால் அழைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

ஆகவே பழுதுபட்ட உறுப்பு இன்னது என்று அறிவிக்க இக்கட்டுரைக்கு இயலாமற்போனது ஆய்வு நெறியின் குறையன்று, கருவியின் குறை. மேற்படி மல்டிமீட்டர் மஞ்சள் நிறமுடையது. பின்புறம் சிறு கீறல் உண்டு. கறுப்பு வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருக்கும். உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி புதிதாகப் போடப்பட்டது. வைத்திருப்பவர் எவராயினும், தவளக்குப்பத்திலோ கடலூரிலோ எங்கிருந்தாலும், அதனைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்ளக் கூடாது.